வெறும் இருக்கை

வாப்பா நாற்பது வருடம் லொறி ஓட்டியவர். அக்கரைப்பற்றிலிருந்து கொழும்புக்கு நெல் ஏற்றிய இரவுகளில், தார் வீதியின் சூட்டுக்குப் படுத்துக் கிடக்கும் மாடுகளில் ஒன்றையேனும் தட்டியதில்லை என்பது அவர் பெருமை. கண்ணில் பிரஷர் என்று டொக்டர் சொன்னபின் திறப்பைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். இப்போது ஜும்ஆவுக்குப் போகவும் ஓராளை எதிர்பார்க்க வேண்டும்.

சென்ற மாதம் என் கைத்தொலைபேசியில் ஒரு காட்சி காட்டினேன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் பெருநகரப் பகுதியில் 2020 முதல் சாரதியில்லா டாக்ஸிகள் பொதுமக்களை ஏற்றிச் செல்கின்றன. வெறும் இருக்கையின் முன்னே ஸ்டியரிங் தானாகச் சுழல்கிறது. மூக்கோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"இது நம்மட ஊருக்கு எப்ப வரும் மகன்? சம்மாந்துறைக்குப் போய் லாத்தாவப் பாத்திட்டு வரலாமே, ஒருத்தரிட்டயும் கெஞ்சாம."

நான் சும்மா இருந்திருக்கலாம். வாத்தியார் வாய் கேட்குமா? 2018 மார்ச்சில் அதே மாநிலத்தின் டெம்பி நகரில், சோதனை ஓட்டத்திலிருந்த ஊபர் கார் இரவில் சைக்கிளை உருட்டியபடி வீதியைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றதைச் சொன்னேன். அவரை வாகனம் என்றும் சைக்கிள் என்றும் அதன் கணினி மாறி மாறி எண்ணியதாம்.

"றைவர் இல்லாமலா?"

"கண்காணிக்க ஓராள் இருந்திருக்கு வாப்பா. பார்வை வீதியில இல்ல."

"கண்ணிருந்துமா?" என்றார். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

மஃரிபுக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனேன். வளைவுக்கு முன்பே முதுகில் தட்டினார்.

"மெல்லப் போ மகன், மாடு படுத்திருக்கும்."

படுத்திருந்தன.