வாவிகள் பார்த்த போர்

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்க்கும்போதெல்லாம், இரண்டாம் உலகப் போர் இலங்கைக்கு வந்த 1942 ஏப்ரல் நினைவுக்கு வரும். தெற்கே கொக்கல வாவியில் பிரித்தானியரின் கடல்விமானத் தளம் இருந்தது. அங்கிருந்து கிளம்பிய கட்டலினா விமானத்தின் கனேடிய விமானி பேர்ச்சல், ஏப்ரல் 4 அன்று யப்பானியக் கடற்படையைக் கண்டு வானொலியில் எச்சரித்தார். விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. உயிர் தப்பியவர்களோடு அவரும் சிறைப்பட்டார்.

மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தது. 9ஆம் திகதி திருகோணமலை. அதே நாளில் எங்கள் மட்டக்களப்புக் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 'ஹேர்மிஸ்' யப்பானியத் தாக்குதலில் மூழ்கியது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் சிதைவு இன்றும் கடலடியில் கிடக்கிறது.

கொக்கலவில் தளம் இருந்த இடத்தில் இன்று விமானப்படை முகாம். உங்கள் ஊரில் உள்ள பழைய போர்க்காலக் கட்டடம் எதையும் இடிக்குமுன் ஒரு படமாவது எடுத்து வையுங்கள். அந்த நாட்களைப் பற்றி உங்கள் அப்பப்பா, அம்மம்மா சொன்ன கதை இருந்தால் இங்கே எழுதுங்கள்.