ஆத்தூர் மாவும் தைனான் முத்தும்

தைனான், தைவான்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள நண்பா,

நேற்று இங்கே குடித்த தேநீருக்குள் உங்கள் ஆத்தூர் ஆலை ஜவ்வரிசிக்கு அண்ணன் முறை ஆகிற ஒன்று கிடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் போகிற போக்கில்.

முத்துப் பால் தேநீர் என்று அதற்குப் பெயர். சென்னை மால்களில் 'பபுள் டீ' என்று விற்கிறார்களே, அதுதான். அதன் பிறந்த வீடு தைவான். ஆனால் தைவானில் எந்தக் கடை என்பதற்கு வழக்கே நடந்திருக்கிறது. தைச்சுங் நகரத்துச் சுன்ஷுய்தாங் கடையும் இந்த ஊர் ஹன்லின் கடையும் 'நாங்கள்தான் முதலில்' என்று பத்து ஆண்டுகள் வழக்காடின. யார் வேண்டுமானாலும் கலக்கக்கூடிய பானம் இது, முதலில் செய்தவர் யாரென்று தீர்மானிக்க வேண்டியதில்லை என்று 2019-இல் நீதிமன்றம் முடித்துவைத்தது. எனக்குப் பிடித்தது ஹன்லின்காரரின் கதை. 1986-இல் அதன் நிறுவனர் உள்ளூர்ச் சந்தையில் வெள்ளை மணிகள் விற்பதைப் பார்த்து, வாங்கிவந்து தேநீரில் போட்டாராம். வெள்ளையாகப் பளபளத்ததால் முத்து. இப்போது உலகம் முழுக்கக் குடிக்கிற மணியின் கறுப்பு, பழுப்புச் சர்க்கரையால் வருவது.

மணி எதனால் ஆனது தெரியுமா? மரவள்ளிக்கிழங்கு மாவு. உங்கள் தொட்டிகளில் பால் தெளிந்து அடியில் படிகிற அதே மாவு. இங்கே தாய்லாந்திலிருந்து பெரும்பாலும் வருகிறது. பள்ளி விடுமுறையில் உன் வீட்டுக்கு வந்தபோது, ஈர மாவைத் துணியில் போட்டுக் குலுக்கிக் குலுக்கி மணியாகத் திரட்டியதையும், வறுத்து எடுத்துக் களத்தில் வெயிலுக்குப் பரப்பியதையும் வாய் பிளந்து பார்த்தேன் அல்லவா? இங்கே அந்த மணி பட்டாணிக் கடலை அளவுக்குப் பெரிது. அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடிவைத்துப் புழுங்கவிட்டு, சர்க்கரைப் பாகில் ஊறப்போடுகிறார்கள். நாலைந்து மணி நேரத்தில் பதம் போய்விடும், மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக வேகவைப்பார்கள். தேநீரை ஐஸோடு குடுவையில் அடைத்துக் குலுக்குவதில் நுரை ததும்புகிறது. நம் டீ மாஸ்டர் ஆற்றி எடுக்கிற நுரையை இவர்கள் குளிரில் எடுக்கிறார்கள். சர்க்கரை முழுதா, பாதியா, துளியா, வேண்டவே வேண்டாமா என்று கேட்டுத்தான் கலப்பார்கள். உறிஞ்சுகுழல் பப்பாளிக் காம்பு மாதிரித் தடிமன்.

முதல் மணி நாக்கில் விழுந்ததும் விழுங்கிவிடப் பார்த்தேன். ஜவ்வரிசி என்றால் நமக்கு வழுக்கிக்கொண்டு இறங்குவதுதானே. இது இறங்கவில்லை. பல்லுக்கு இணங்கிக் கொடுத்து, திரும்ப எழும்பியது. மென்றேன். மெல்ல மெல்லத்தான் உள்ளே ஊறிய பாகு வந்தது. இந்தப் பதத்துக்கு இவர்களிடம் தனிச் சொல் இருக்கிறது: கியூ. ஆங்கில எழுத்தின் பெயரேதான். கடைப் பலகையிலும் அந்த எழுத்தையே போடுகிறார்கள். இன்னும் இழுவையாக இருந்தால் கியூகியூ. மீன் உருண்டை, நூடுல்ஸ், சேப்பங்கிழங்கு உருண்டை எல்லாவற்றுக்கும் அதே பாராட்டு. நாம் உப்பு, புளி, காரம் பார்க்கிறோம். இவர்கள் அதோடு பல்லையும் கேட்கிறார்கள். நாம் ஜவ்வரிசியைப் பாயசம் கெட்டிப்படுவதற்காகப் போடுகிறோம், வடாம் பிழிகிறோம். அதை மெல்லுகிற சுகத்துக்காகவே ஒருநாளும் வேகவைத்ததில்லை. இத்தனை கிழங்கு நம் மாவட்டத்தில் விளைந்தும் நாம் தவறவிட்டது இதைத்தான் என்று எனக்கு உறுதியாகப் படுகிறது.

இன்று விடிகாலையில் மீன் கஞ்சி. கஞ்சி என்றாலும் சோறு குழையவில்லை. தெளிந்த மீன் சாற்றில் பருக்கை பருக்கையாகக் கிடந்தது, மேலே வெள்ளை மிளகுப் பொடியும் பொன்னிறப் பூண்டும். மீன் எது என்று படத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தால், நம் கழிமுகங்களில் பிடிபடுகிற பால்கெண்டை! இருநூறுக்கும் மேல் முள் உள்ள மீன். நம் வீடுகளில் அதற்கு அஞ்சியே ஒதுக்குவார்கள். இங்கே கடையிலேயே முள் நீக்கி, வயிற்றுப் பகுதியைத் தனியாக விற்கிறார்கள், வெண்ணெய் போல் இருக்கிறது. தைனானைச் சுற்றி இந்த மீனுக்கென்றே உப்பங்கழிக் குட்டைகள். 1662-இல் டச்சுக்காரர்களை இங்கிருந்து விரட்டிய கொக்சிங்கா, கரையில் கொண்டுவந்து கொடுத்த மீனைப் பார்த்து "என்ன மீன்?" என்று கேட்டாராம். அந்தக் கேள்வியே மருவி மீனுக்குப் பெயராகிவிட்டது என்று ஒரு கதை சொல்கிறார்கள்.

இங்கு வருமுன் தைப்பேயின் இரவுச் சந்தையில் சாப்பிட்டதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பாகில் இறுக்கிய வேர்க்கடலைப் பாளம், நம் கடலை மிட்டாய்தான், ஆனால் செங்கல் பருமன். அதைத் தச்சர் இழைப்புளி வைத்துச் சீவுகிறார்கள். சீவலை மெல்லிய மாவுத் தோலில் பரப்பி, சேப்பங்கிழங்கு ஐஸ்கிரீம் இரண்டு உருண்டை வைத்து, மேலே பச்சைக் கொத்தமல்லித் தழையைத் தூவிச் சுருட்டித் தருகிறார்கள். யீலான் பக்கத்துப் பண்டம். ஐஸ்கிரீமில் கொத்தமல்லியா என்று தயங்கினேன். இனி கொத்தமல்லி இல்லாத ஐஸ்கிரீம் எனக்கு ஒரு குறையோடுதான் இருக்கும்.

நாற்றத் தோஃபு என்று ஒன்று உண்டு. புளிக்கவைத்த உப்புநீரில் ஊறிய சோயாக் கட்டியைப் பொரித்து, கோஸ் ஊறுகாயோடு கொடுப்பார்கள். தெரு முனையிலேயே வாடை அடிக்கும். மாவுத் தொட்டி கழுவுகிற நாளில் உங்கள் ஆலைப் பக்கம் வரும் புளித்த வாடை நினைவிருந்ததால் எனக்கு அது அந்நியமாக இல்லை. மொறுமொறுவென்று இருந்தது, இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

உன் அம்மா கேட்பார்கள், சைவக்காரர் அங்கே போனால் பட்டினியா என்று. இல்லவே இல்லை என்று சொல். கடைப் பலகையில் நம் சுவஸ்திகா போன்ற குறி இருந்தால் அநேகமாகச் சைவக் கடை. அது பௌத்தக் குறி. பல கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. சந்தையில் வெள்ளைப் பாகற்காயைத் தேன் விட்டு அரைத்துச் சாறாகக் குடிக்கிறார்கள், அம்மாவுக்குப் பிடிக்கும். சீத்தாப்பழமும் கிடைக்கிறது. அதன் மேடுபள்ளத் தோல் புத்தரின் சுருள்முடி போல் இருப்பதால் இங்கே அதன் பெயர் சாக்கியர்.

உன் அப்பாவிடம் ஒன்று கேட்டு எழுது. உங்கள் ஆலையில் மணியைப் பட்டாணி அளவுக்குத் திரட்ட முடியுமா? முடியும் என்றால் ஒரு படி திரட்டி வைக்கச் சொல். வேகவைக்கும் பக்குவத்தை நான் கேட்டு எழுதிக்கொண்டேன். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது உங்கள் அடுப்பில் செய்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் நண்பன்