பெயர் அறியா ஒளி

தமிழாசிரியனுக்கு வானியலில் என்ன அலுவல் என நண்பர் சிலர் எம்மை வினவுவதுண்டு. பெயர் அறியாப் புலவர்களைப் பற்றி ஆண்டுதோறும் பாடஞ் சொல்லும் எமக்கு, விண்ணில் ஒளிரும் பெயர் அறியாப் பொருள் ஏனையோர்க்கினும் நெருங்கிய உறவாகவே தோன்றுகின்றது.

1973ஆம் ஆண்டில் கில்லெற், பொறெஸ்ற், மெரில் என்னும் அறிஞர் மூவர் கோள்வடிவ நெபுலாக்களின் செந்நிறக்கீழ்க் கதிர்களை ஆராய்ந்தபொழுது, 11.3 மைக்கிரோன் அலைநீளத்தில் விளக்கவொண்ணாத ஒளிப்பட்டையொன்றைக் கண்டனர். 3.3, 6.2, 7.7, 8.6 மைக்கிரோன்களிலும் அதன் உடன்பிறப்புக்கள் பின்னர் அறியப்பட்டன.

விண்மீனுக்குச் சேய்மையிலுள்ள தூசி கடுங்குளிருடையது. இவ்வலைநீளங்களில் ஒளிரும் வெப்பம் அதற்கில்லை. ஆயின், ஐம்பது அணுக்களளவு கொண்ட சிறு மூலக்கூறு, ஊதாக்கடந்த ஒளியின் போட்டன் ஒன்றை ஏற்றதும் ஏறக்குறைய 1000 கெல்வின் வரை சூடேறி, அதிர்ந்து, அவ்வெப்பத்தைச் செந்நிறக்கீழ்க் கதிராய் உமிழும். இதனைக் கொண்டு 1984இல் லேஜே, பியூஜே ஆகியோரும், 1985இல் அலமண்டோலா, தீலென்ஸ், பார்க்கர் ஆகியோரும், பென்சீன் வளையங்கள் பல இணைந்த ஐதரோக்காபன்களே இவ்வொளிக்குக் காரணம் என்றனர். 2011இல் குவொக், சாங் இருவரும் அதனை மறுத்து, வளையங்களும் சங்கிலிகளும் விரவிய ஒழுங்கற்ற சேதனத் துணிக்கைகளே காரணம் என்றனர்.

வழக்குத் தீராமைக்குக் காரணம் யாது? 3.3 மைக்கிரோன் பட்டை காபன்–ஐதரசன் பிணைப்பு நீண்டு சுருங்குவதைக் காட்டும், 11.3, அப்பிணைப்பு வளையத்தளத்துக்கு வெளியே வளைவதைக் காட்டும். இவை குலம் முழுவதற்கும் பொது. யாப்பைக் கொண்டு ஆசிரியப்பா எனத் துணியலாம். பாடியவர் இன்னார் எனத் துணிதல் இயலுமோ?

2021இல் இடபராசியிலுள்ள முகிலொன்றில் சயனோநத்தலீன் வானொலி அலைகளால் அடையாளங் காணப்பட்டது. அக்குலத்தார் விண்ணில் உளர் என்பது அதனால் உறுதியாயிற்று. பட்டைகளை உமிழ்வோர் இன்னின்னார் என்பது உறுதியாயிற்றில்லை. எனினும், அறிஞர் பலர் அப்பட்டைகளைக் கருதுகோளின் பெயராலேயே இன்று வழங்குகின்றனர். வழங்க வழங்க ஊகம் உண்மையின் உடையை அணிந்துவிடும் என்பதே எம் அச்சம்.

குறுந்தொகைப் புலவர் ஒருவரை அவர் பாட்டின் தொடராலேயே செம்புலப்பெயனீரார் என்றனர் நம் முன்னோர். அறியாத பெயரை அவர்கள் புனையவில்லை. அறிந்த தொடரையே பெயராக்கினர். மாணவர்காள், "பாடியவர் பெயர் தெரிந்திலது" என உண்மையை எழுதுவோனுக்கு எம் வகுப்பில் முழுப்புள்ளி உண்டு. ஊகித்து ஒரு பெயரை எழுதுவோனுக்கு இல்லை.