நாட்காட்டியில் ஒரு கட்டம்

2024-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள், திருக்குடும்ப விழாவன்று, நம் பங்கு மக்களுக்கு ஒரு மறையுரை ஆற்றினோம். எத்தனை அலுவல்கள் இருப்பினும் இல்லத்தார் ஒருவருக்கொருவர் நேரம் ஒதுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். நன்றாக இருந்ததாகச் சிலர் கூறினர். அந்தப் பாராட்டின் இனிமை மறைவதற்குள், புத்தாண்டுத் திருப்பலிகளை முடித்துக்கொண்டு, மூன்று நாள் ஓய்வுக்காக மார்த்தாண்டத்தை அடுத்த நம் சிற்றூருக்குப் பேருந்து ஏறினோம். அங்கே நம் தம்பியின் குடும்பத்தோடு 82 வயதான நம் அன்னையும் வாழ்கிறார். ஓராண்டுக்குப் பின்னரே அவ்வீட்டு வாசலை மிதிக்கப் போகிறோம் என்பது பேருந்தில் அமர்ந்த பிறகுதான் உறைத்தது.

அவ்வீட்டின் அடுக்களைச் சுவரில் பெரிய நாட்காட்டி ஒன்று தொங்கிற்று. நாளுக்கு ஒரு கட்டம். ஆளுக்கு ஒரு நிற மை. தம்பிக்கு நீலம், அவன் மனைவிக்குச் சிவப்பு, மகளுக்குப் பச்சை, மகனுக்குக் கறுப்பு. கட்டங்கள் நிரம்பி வழிந்தன. தம்பி நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கர். விடியலில் புறப்பட்டு இரவில் திரும்புபவன். அவன் மனைவி ஆசிரியை. 48-ஆம் வயதில் ஸ்கூட்டர் ஓட்டக் கற்று, பள்ளிக்கும் மாலை வகுப்புக்குமாய்ப் பறந்துகொண்டிருந்தார். மகள் செவிலியர், இரவில் மருத்துவமனைப் பணி, பகலில் கணினி வழியே ஜெர்மன் மொழி வகுப்பு. இளையவன் கல்லூரி மாணவன். விடுமுறை நாளெல்லாம் தொலைநோக்கியும் கையுமாய்ச் சுசீந்திரம், தேரூர்க் குளக்கரைகளில் பறவைகளைத் தேடுபவன். அந்நீர்நிலைகள் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றதை, ஏதோ தன் வீட்டு விசேஷம் போல் நம்மிடம் விவரித்தான். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு கறுப்பு மையில் நான்கு கட்டங்களைப் பிடித்திருந்தது.

அன்னைக்கென்று ஒரு நிறம் இல்லை. முந்தைய நவம்பரில் குளியலறையில் வழுக்கி விழுந்தபின் அவரைத் தனியே விட இயலாது. எனினும், அவரோடு இருக்க வேண்டியவர் இன்னார் என்று எந்தக் கட்டத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. அந்தந்த நாளில் யார் கைக்கு எட்டுகிறாரோ அவர் இருந்தார்.

மறுநாள் ஞாயிறு. திருப்பலிக்குப் பின் தம்பி நம்மைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றான். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் பொழுதுபோக்காக ஒரு பெட்டியில் தொடங்கிய தேனீ வளர்ப்பு அன்று 14 பெட்டிகளாய்ப் பெருகியிருந்தது. ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. இனி வரும் வாரங்களில் அவை துளிர்க்கும். அத்தளிர்களின் காம்பு நுனியில் சுரக்கும் இனிய நீரே எங்கள் பகுதித் தேனுக்கு முதன்மை ஊற்று. பூவினின்று அன்று, இலையினின்று வரும் தேன் அது. அதற்குமுன் கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு பெட்டியைத் திறந்து, அடை படர்ந்த சட்டமொன்றை எடுத்துக் காட்டினான். அதன் கீழ் விளிம்பில் புது ராணி வளரும் அறை தொங்கிக்கொண்டிருந்தது. “இனி இந்தக் கூட்டம் பிரிஞ்சாகணும், அண்ணே. நாம பிரிக்கலேன்னா அதுவே பறந்துடும்” என்றான். கூட்டம் தானே பிரியும்போது வீட்டை விட்டு வெளியேறுவது பழைய ராணிதான். தேனும் அடையும் நிறைந்த வீடு புது ராணிக்கு விடப்படுகிறது. இதை அவன் சொன்னபோது நாம் வியந்தோம். மனிதர் இல்லங்களில் பெரும்பாலும் இளையோரன்றோ வெளியேறுகின்றனர்!

அப்பெட்டிகளுள் ஒன்று நம் தந்தையார் செய்தது. கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தேனீ வளர்ப்புப் புதிதன்று. இந்தியத் தேனீயின் சிற்றுடலுக்கு ஏற்ற பெட்டியை, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய நியூட்டன் என்னும் குரு வடிவமைத்தார். இன்றும் அது ‘நியூட்டன் பெட்டி’ என்றே வழங்குகிறது. நம் தந்தையார் பிறர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியும், தேன் விற்றும் எங்களை வளர்த்தார். 1991-இல் தென்னிந்தியாவில் ஒரு நச்சுயிரி நோய் பரவத் தொடங்கிற்று. தேனீப் புழுக்கள் நீர்ப்பை போலாகி மடிந்தன. கூட்டங்கள் பெருமளவில் அழிந்தன. அடுத்த ஆண்டில் நம் தந்தையாரின் 40 பெட்டிகளும் வெறுமையாயின.

அப்போது நாம் குருமடத்தில் இறையியல் பயின்றுகொண்டிருந்தோம். ‘தேனீ எல்லாம் போய்விட்டது, மற்றபடி அனைவரும் நலம்’ என்று தந்தையார் எழுதினார். அந்த ‘மற்றபடி’க்குள் தம்பியின் கல்லூரிப் படிப்பு நின்றுபோன செய்தி அடங்கியிருந்ததை நாம் அறியவில்லை. விடுமுறையில் சென்றபோது அவன் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். “படிப்பில மனசு போகல” என்றான். நம்பினோம். நம்புவது நமக்கு வசதியாக இருந்தது.

மூன்றாம் நாள் இரவு, அபூர்வமாக, ஐவரும் ஒருங்கே உணவருந்தினர். அன்று மருமகளுக்கு, அதாவது தம்பியின் மனைவிக்கு, அடுத்த கல்வியாண்டு முதல் தலைமையாசிரியைப் பொறுப்பேற்க அழைப்பு வந்திருப்பதை அறிந்தோம். வந்து மூன்று வாரமாயிற்றாம்! மறுத்துவிட எண்ணி, எவரிடமும் அவர் சொல்லவில்லை. “அத்தையைப் பார்க்க ஆள் வேணுமே, சாமி” என்றார்.

அதைக் கேட்ட மகள் நம் பக்கம் திரும்பினாள். “பெரியப்பா, நீங்களே சொல்லுங்க. நான் போகட்டுமா, இருக்கட்டுமா?” ஜெர்மனியில் செவிலியராய்ப் பதிவு பெறப் பொதுவாகக் கோரப்படும் ‘பி2’ நிலைத் தேர்வுக்கு அவள் ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். ஆனால் தேர்வுக் கட்டணத்தைச் செலுத்தாமல் ஒரு மாதமாய்த் தள்ளிப்போட்டிருந்தாள். காரணம் பாட்டி. இளையவனும் தன் பங்குக்கு, மேற்படிப்புக்கு வெளியூர் செல்லும் எண்ணத்தை விட்டுவிட்டதாகக் கூறினான். அதற்கும் காரணம் பாட்டி.

வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். ஒரே அடுக்களையில் உண்பவர் மூவர், ஒருவர் அறியாமல் ஒருவராய், ஒரே காரணத்துக்காகத் தத்தம் எதிர்காலத்தை இழக்கத் தீர்மானித்திருந்தனர். அன்பில் குறை இல்லை. அந்த அன்பை உரைக்கத்தான் பொழுதில்லை.

தம்பி நெடுநேரம் பேசவில்லை. பின் தட்டைப் பார்த்தபடியே, “எனக்கு நடந்தது என் பிள்ளைக்கு நடக்க வேண்டாம், அண்ணே” என்றான்.

முப்பதாண்டுகளுக்கும் மேலாக அவன் சொல்லாத சொல் அது. இருக்கையை விட்டு எழுந்து வெளியே போய்விடலாமா என்று தோன்றிற்று. ‘தியாகம்’ என்ற சொல்லைப் பலிபீடத்தருகே நின்று எத்தனையோ முறை புகழ்ந்திருக்கிறோம். சொல்லப்படாத தியாகம் இழந்தவனைத் தனிமையில் தள்ளுகிறது. பெற்றவனை அவன் அறியாமலேயே கடனாளி ஆக்குகிறது என்று ஒருமுறையேனும் உரைத்ததில்லை. அன்றிரவு பிள்ளைகளின் முன்னிலையில் 1992-ஐப் பற்றிப் பேசினோம். உங்கள் தந்தை வீட்டைத் தாங்கியதனால்தான் நாம் குருவானோம். அவனிடம் ஒருபோதும் நன்றி கூறியதில்லை என்றோம். ‘போ’ என்றோ ‘இரு’ என்றோ அவளுக்குச் சொல்லும் தகுதி நமக்கு இல்லை. எதை இழப்பதாயினும் வாய் திறந்து சொல்லிவிட்டு இழக்குமாறு மட்டும் கேட்டுக்கொண்டோம்.

அப்போது அன்னை பேசினார். “எல்லாரும் எனக்காகன்னு சொல்லுதிய. என்கிட்ட ஒருத்தரும் கேக்கலியே.”

கேட்டோம். அவருக்கு வேண்டியிருந்தது மிகச் சிறிது. கூப்பிட்டால் குரல் கேட்கும் தொலைவில் பகலில் ஓர் ஆள். இரவில் சேர்ந்து செபமாலை சொல்ல ஒரு துணை. பேத்தி அருகிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பமாய் இருக்கவில்லை. “அவ படிச்சத அவ செய்யட்டும்” என்றார்.

கைக்கு எட்டும் தொலைவில் இருந்த விடையை, பொழுதுபோக்கு என்றெண்ணி எவரும் விடையாகக் கருதியிருக்கவில்லை. மார்ச் மாத இறுதியில் நாகர்கோவில் வேலையை விட்டுவிடுவதாகத் தம்பி கூறினான். பெட்டிகளை ஐம்பதாக்கி, வீட்டுத் தோட்டத்திலேயே இருந்து, கொஞ்சம் ரப்பரும் வெட்டி, அன்னையின் அருகில் இருப்பான். அவன் மனைவி தலைமைப் பொறுப்பை ஏற்பார். அவருடைய ஊதிய உயர்வு குறையை ஓரளவு ஈடுசெய்யும். ஓரளவுதான். அன்று பதினொரு மணி வரை ஒரு தாளில் வரவும் செலவும் எழுதிக் கூட்டினார்கள். கணக்குச் சரியாக வரவில்லை. எனினும் ஐவரும் அதே தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தனர்.

புறப்படும் காலையில் நாட்காட்டியின் எதிரே நின்றோம். தம்பி மகளிடம் ஒரு பேனா கேட்டோம். ஊதா நிற மை தந்தாள். மாதந்தோறும் முதல் செவ்வாயில், ‘அம்மாவோடு’ என்று ஆண்டு முழுவதற்கும் எழுதினோம். கண் மங்கிய அன்னை, “என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார். படித்துக் காட்டினோம்.

பிப்ரவரியில் சென்றோம். மார்ச்சில் தவக்கால அலுவல்கள் குறுக்கிட்டன, செல்லவில்லை. தொலைபேசியில் காரணம் சொல்லத் தொடங்கியதுமே, “சாமிக்கு வேலை இருக்கும்லா” என்று அன்னையே நமக்காக வழக்காடினார். அந்த மன்னிப்பு நம்மைத் தண்டனையினும் அதிகமாய்ச் சுட்டது. அடுத்த மாதம் முதல், பங்கின் அலுவலக நாட்காட்டியிலும் அதே நாளில் ஊதாக் கோடு இட்டுவிட்டோம். மந்திரிப்புக்கும் சந்திப்புக்கும் அன்று தேதி கேட்பவர்களிடம், அது நம் அன்னையின் நாள் என்று கூறுகிறோம். எவரும் கோபிக்கவில்லை.

அவ்வாண்டு தேன் எதிர்பார்த்த அளவு கிடைக்கவில்லை. மகள் மே மாதத் தேர்வில் எழுத்துப் பகுதியில் தவறி, மீண்டும் எழுதித் தேறினாள். தம்பி பெட்டிகளை இன்னும் ஐம்பதாக்கவில்லை, இருபத்திரண்டில் நிற்கிறான். ஆயினும், அவ்வீட்டில் எவரும் இப்போது தமக்குள்ளேயே ஓர் இழப்பை முடிவு செய்துகொள்வதில்லை. ஞாயிறு இரவில் நாட்காட்டியைச் சுவரினின்று இறக்கி, உணவு மேசையில் விரித்து வைத்துக்கொள்கின்றனர். அன்னைக்கும் ஒரு மை வந்துவிட்டது. எந்த நிறம் வேண்டும் என்று கேட்டார்களாம். தேன் நிறம் என்றாராம்.