கட்டை போடுகிறவர்கள்

திருவாரூரில் ஆழித்தேரை இழுக்க ஆள் பஞ்சமே கிடையாது. பங்குனி உத்திரத் திருவிழாவில் தேர் நாளன்று நான்கு வடங்களிலும் கை வைக்க இடம் கிடைப்பதே பெரும்பாடு. அலங்காரத்தோடு 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன் எடை. ஆனாலும் "ஆரூரா, தியாகேசா" என்று கூட்டம் தம் பிடித்து ஒருமுறை இழுத்துவிட்டால் நகர்ந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். நகரத் தொடங்கிய தேரை, முன்னும் பின்னும் தலைகளாகத் தெரியும் வீதியில், வேண்டிய இடத்தில் நிறுத்த வேண்டும். மூலைக்கு மூலை திருப்ப வேண்டும். அதைச் செய்கிறவர்கள் சக்கரத்தடியில் குனிந்தே வருவதால், எடுக்கிற படங்களில்கூட முதுகுதான் விழும். முட்டுக்கட்டை போடுகிறவர்கள். அவர்களைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

கூட வந்த நண்பர் சென்னையில் ஈவென்ட் மேனேஜர். பெரிய கல்யாணம், கம்பெனி மாநாடு, கண்காட்சி என்று எதையும் எடுத்து நடத்திக்கொடுப்பார். நிமிடத்துக்கு நிமிடம் என்ன நடக்க வேண்டும் என்று தாள் தாளாக எழுதி, காதில் ஒரு கருவியோடு அலைகிற ஆள். "ஆயிரக்கணக்கான பேர், டிக்கெட் கிடையாது, நுழைவாயில் கிடையாது, ஒத்திகை கிடையாது. இதை யார் நடத்துறாங்கன்னு எனக்குப் பார்த்தாகணும்" என்று கிளம்பிவிட்டார்.

முதல் நாள் கீழ வீதியில், தேர் நிலைக்குப் பக்கத்தில், கட்டைகளைக் குவித்துப் போட்டிருந்தார்கள். சில நூறு இருக்கும். எல்லாம் புளியமரம். ஒருபக்கம் தடித்து மறுபக்கம் சரிந்து மெலியும் வடிவம், பிடித்துக்கொள்ள நீண்ட காம்பு. பழைய கட்டைகளின் சரிவில் சக்கரம் ஏறிய தடம் பள்ளமாகப் பதிந்து, சில இடங்களில் கருகிப்போயிருந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் சாக்கு விரித்து உட்கார்ந்து, கட்டைக்குக் கட்டை தட்டிப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். கணீரென்று கேட்டால் வலது பக்கம். சத்தம் செத்துப்போயிருந்தால் இடது பக்கம், அது அடுப்புக்கு.

"தேக்குல செஞ்சா என்னங்கய்யா?" என்று நண்பர் கேட்டார்.

"தேக்கு நல்ல மரந்தான் தம்பி. ஆனா ரேகை நேரா ஓடும். பாரம் ஏறுனா விண்டு போயிடும். புளி முறுக்கு ரேகை. நசுங்குமே தவிர பொளக்காது. கறிக்கடையில பாருங்க, வெட்டுற கட்டை என்ன மரம்னு."

இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்தவை. பிரேக்கை இயக்கத் தனியே ஆள் உண்டு. அப்புறம் எதற்குக் கட்டை என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. அச்சு அப்படியே நிற்கும். சக்கரம் பக்கவாட்டில் திரும்பாது. வலது சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் அந்தப் பக்கம் பிடித்துக்கொள்ளும், இடது பக்கம் முன்னேறும், தேர் வலப்பக்கம் முகம் திரும்பும். எந்தச் சக்கரத்துக்கு, எவ்வளவு சாய்வாக, எத்தனை நொடி என்பதுதான் வித்தை. கோயிலை வலமாகச் சுற்றுவதால் எல்லா மூலையிலும் திருப்பம் வலப்பக்கமே. நேர் வீதியிலும் வேலை ஓயாது. தெருவின் சரிவுக்கு ஏற்பத் தேர் ஒதுங்கப் பார்க்கும். கட்டையால் தட்டித் தட்டித்தான் நடுவில் வைத்திருக்க வேண்டும்.

அப்பர் தேவாரத்தில் ஆழித்தேர் வருகிறது. அவ்வளவு பழைய பெருமை. ஆனால் இது இடைவிடாமல் ஓடிய தேர் அல்ல. 1948-க்குப் பிறகு ஓடாமலே கிடந்து, கருணாநிதி முதலமைச்சராக இருந்த 1970-இல்தான் மறுபடி ஓடியது. அதற்கு முந்தைய காலத்தில் கிளம்பிய தேர் நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும் என்று ஊரில் சொல்வார்கள். இப்போது காலையில் கிளம்பி அன்றைக்கே நிலைக்கு வந்துவிடுகிறது. பின்சக்கரங்களை முட்டித் தள்ள புல்டோசர்கள் உண்டு. மூலைகளில் இரும்புத் தகடு விரித்துக் கிரீஸ் தடவி, அதன்மேல் சக்கரத்தை வழுக்கவிட்டுத் திருப்புகிறார்கள். பழமை மாறாமல் நடக்கிறது என்று எழுதுகிறவர்கள் அந்தக் கிரீஸ் டின்களையும் ஒருமுறை பார்க்கலாம்.

சாயங்காலம் பெரியவர் நான்கு வீதியையும் நடந்து பார்க்கக் கிளம்பினார். நகராட்சி ஆள் ஒருவர், மின்வாரியத்து லைன்மேன், ஒரு இளநிலைப் பொறியாளர், பின்னால் நாங்கள். நண்பர் எதிர்பார்த்த திட்டத் தாள் இந்த நடைதான். பெரியவர் மேலே பார்க்கவேயில்லை. அது லைன்மேன் பாடு. அவருக்குத் தரைதான். சாக்கடை மூடிய ஸ்லாபு, புதிதாக முளைத்த வேகத்தடை, குழாய் போடத் தோண்டி மூடிய இடம். தெற்கு வீதியில் ஓரிடத்தில் நின்றார். மேலே தார் போட்டுப் பளபளவென்று இருந்தது. கடப்பாரையை வாங்கி ஓரத்தில் குத்தினார். உள்ளே போனது.

"இது எப்போ தோண்டினது?"

"மாசி மாசம்ங்கய்யா. குடிநீர்க் குழாய்."

"மண்ணு இன்னும் இறுகல. சக்கரம் இங்க வந்தா இறங்கிடும். அப்புறம் விடிய விடிய இங்கனயே கிடக்க வேண்டியதுதான்." பொறியாளர் குறித்துக்கொண்டார். ராத்திரியே அந்த இடத்தில் கனமான இரும்புத் தகடுகள் வந்து படுத்துவிட்டன.

லைன்மேன் ஒரு கடையின் முகப்புத் தகரத்தையும், அதன்மேல் தொங்கிய கேபிள் டிவி வயரையும் கழற்றச் சொன்னார். கடைக்காரர் முனகினார். "போன வருஷம் இடிக்கலையே" என்றார். லைன்மேன் குரலை உயர்த்தாமல் களிமேட்டின் பெயரை மட்டும் சொன்னார். கடைக்காரர் ஏணி எடுத்து வந்துவிட்டார்.

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் களிமேடு. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, அப்பர் சதய விழாவின் தேர் ஊர்வலத்தில் அலங்காரம் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. புதிதாகச் சாலை போட்டதில் தரை உயர்ந்திருந்ததும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. முந்தைய ஆண்டுகளில் சிக்கல் இல்லாமல் போன வீதி அது. "போன வருஷம் ஒண்ணும் ஆகலையே" என்ற வாக்கியத்தை இந்தத் தொழிலில் யாராவது சொன்னால் மற்றவர்கள் முகம் மாறுவதை அதன்பிறகு நான் கவனித்தேன். களிமேடு நடந்த சில வாரங்களிலேயே தர்மபுரி மாவட்டம் மாதேஅள்ளியில் தேர் அச்சு முறிந்து சாய்ந்து இரண்டு பேர் இறந்தார்கள். தேர் பெரிதோ சிறிதோ, யாராவது ஒருவர் முதல் நாள் கடப்பாரையோடு நடந்திருக்க வேண்டும்.

தேர் நாள். நான்கு வீதியிலும் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். விநாயகர், சுப்பிரமணியர் தேர்கள் முன்னே போக, ஆழித்தேருக்கு வடம் பூட்டினார்கள். நண்பர் என் தோளைத் தட்டிக் காட்டினார்: தேரின் முன்பக்கம், மரக்குதிரைகளுக்குக் கீழே, சக்கரத்துக்கு எட்ட நின்று பெரியவர் ஒரு துண்டை உயர்த்திப் பிடித்திருந்தார். துண்டு மேலே இருக்கிறவரை வடத்தில் ஒரு கையும் இழுக்கவில்லை. பட்டென்று கீழே இறங்கியது. கூச்சல். வடங்கள் விறைத்தன. சக்கரம் ஒரு விரல் அளவு உருண்டதா, என் கண்தான் அசைந்ததா என்று தெரியாத ஒரு கணம். அப்புறம் மொத்தமும் கிளம்பிவிட்டது.

ஒரு சக்கரத்துக்கு ஒரு குழு. ஒருவர் கட்டையைச் சாய்த்து வைத்துக்கொண்டு சக்கரத்தோடேயே நகர்கிறார். சைகை வந்ததும் காம்பைப் பிடித்து முனையைச் சக்கரத்தடியில் நுழைத்து, கையை உருவிக்கொள்கிறார். சக்கரம் கட்டைமேல் ஏறி நெரிக்கிறது. மரம் முனகுகிற சத்தம் மேளத்தை மீறிக் கேட்டது. சிம்பு தெறித்தது. சரிவிலிருந்து மெல்லிய புகை கிளம்பி, வறுத்த புளியங்கொட்டை வாசம் போல ஒன்று அடித்தது. அதற்குள் இன்னொருவர் அடுத்த கட்டையோடு தயார். மூன்றாமவருக்கு நசுங்கியதை இழுத்தெடுப்பது மட்டுமே வேலை. யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. முந்தைய நாள் பெரியவரின் இடது கையைப் பார்த்திருந்தேன். நடுவிரலில் ஒரு கணு இல்லை. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

தெற்கு வீதி பாதி தாண்டியபோது தேர் சடாரென்று நின்றது. துண்டு மேலே போகவில்லை. பெரியவரே திரும்பிப் பார்த்தார். இடது முன்சக்கரத்துப் பையன், பத்தொன்பது வயது இருந்தால் அதிகம், யாரையும் கேட்காமல் கட்டையைச் சொருகியிருந்தான். முன்வரிசையில் நின்ற வேட்டிகள் சில அவனைப் பார்த்துச் சத்தம் போட்டன. முக்கியப் பிரமுகர்கள் வந்திருந்த நேரம். பெரியவர் அந்தப் பக்கம் போனார். அவனைக் கேட்கவில்லை; அவன் பார்த்துக்கொண்டிருந்த திசையில் பார்த்தார். ஒரு வடம் தொய்ந்ததில் நிலைதடுமாறிய ஒரு முதியவர், வடத்துக்கும் தேருக்கும் நடுவில் முழங்காலிட்டுக் கிடந்தார். போலீஸ்காரர்கள் தூக்கி ஒரு சந்துக்குள் கொண்டுபோனார்கள். அந்தச் சந்தைக் காலையிலிருந்தே யாரையும் நிற்கவிடாமல் காலியாக வைத்திருந்தது எதற்கு என்பது அப்போது புரிந்தது. ஆம்புலன்ஸ் அதன் மறுமுனையில் நின்றது. பெரியவர் பையனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினார். துண்டு மேலே. துண்டு கீழே.

மதியம் நிழலில் மோர் குடிக்கும்போது நண்பர் அதைக் கிளறினார். ஒரு சின்னப் பையன் தன்னிஷ்டத்துக்குத் தேரை நிறுத்தலாமா?

"நில்லுன்னு யாரு வேணா சொல்லலாம் தம்பி. நேத்து வேலைக்கு வந்தவன் சொன்னாலும் தேரு நிக்கும். ஓடுன்னு மட்டும் ஒருத்தன்தான் சொல்லணும்."

"அவன் தப்பா நிறுத்தியிருந்தா?"

"என்ன போச்சு? திரும்ப இழுத்துக்கலாம். அவனை நான் அங்கேயே திட்டிட்டேன்னு வைங்க, அடுத்த தடவை என் மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் கட்டை போடுவான். அதுக்குள்ள சக்கரம் போயிடும்."

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு என்னிடம் தனியே சொன்னார்: அவர் நடத்தும் மாநாடுகளில், மேடையில் அமைச்சர் பேசிக்கொண்டிருக்கும்போது, பந்தலின் ஒரு கால் ஆடுவதை ஒரு தன்னார்வலப் பெண் பார்த்தால் நிகழ்ச்சியை நிறுத்த மாட்டாளாம். முதலில் மேற்பார்வையாளரைத் தேடுவாள், அவர் இவரைத் தேடுவார், இவர் அமைச்சரின் உதவியாளரைத் தேடுவார். நண்பர் எழுதும் தாள்களில் எது எப்போது தொடங்கும் என்று வரி வரியாக இருக்குமே ஒழிய, யார் நிறுத்தலாம் என்று ஒரு வரியும் இருக்காது. எனக்குத் தெரிந்த பெரும்பாலான பொதுக்கூட்டங்களும் அப்படித்தான். கூட்டம் சேர்க்கத் தெரிந்த அளவுக்கு, போதும் என்று சொல்லும் அதிகாரத்தை யாருக்கும் கொடுக்கத் தெரியவில்லை.

தேரையே புனிதமாக்கி எழுதிவிடவும் எனக்கு மனமில்லை. வடத்தில் யார் கை வைக்கலாம் என்ற தகராறில் சிவகங்கை மாவட்டம் கண்டதேவித் தேர் பல ஆண்டுகள் ஓடாமல் நின்று, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2024 ஜூனில்தான் போலீஸ் காவலோடு மறுபடி ஓடியது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்று சொல்லிவிடுகிறோம்; ஊர் என்பதில் யார் யார் என்று கேட்டால்தான் சத்தம் வருகிறது. சக்கரத்தடியில் குனிய வா என்றால் அந்தச் சண்டையே வராது. அதற்குப் போட்டி இல்லை. கையுறைகூட இல்லாமல், கிடைக்கிற படிக்கு வந்து குனிகிறார்கள். பெரியவரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். கட்டை பக்கம் வருவதில்லை. அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் பெரியவருக்குச் சொந்தமே அல்ல என்று பிறகு தெரிந்தது. கீழ வீதியில் சைக்கிள் கடையில் வேலை பார்க்கிறானாம்.

மேல வீதி மூலையில் நேரம் பிடித்தது. கிரீஸ் தகட்டில் வலது சக்கரம் வழுக்காமல் அடம் பிடிக்க, மறுபடி மறுபடி கட்டையை மாற்றி, தகட்டை இழுத்து, பின்னால் புல்டோசர் உறுமி, கோபுரம் போல எழுந்த அலங்காரம் அங்குலம் அங்குலமாகத் திரும்பியது. வடக்கு வீதி சட்டென்று கடந்துபோயிற்று. வெளிச்சம் இருக்கும்போதே தேர் நிலைக்கு வந்துவிட்டது. தீபாராதனை, கூட்டம், பஞ்சு மிட்டாய்.

கட்டைக்காரர்கள் வீட்டுக்குப் போகவில்லை. கட்டைகளைப் பொறுக்கிவந்து எண்ணினார்கள். ஒன்று குறைந்தாலும் அது எங்கோ வீதியில் கிடக்கிறது, இருட்டில் யார் காலையாவது தடுக்கும் என்று அர்த்தம். இரண்டு குறைந்தது. பையன்கள் டார்ச்சோடு கிளம்பினார்கள். பெரியவர் பொறியாளரைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதிக்கங்க சார்."

"காலையில பேசிக்கலாமேய்யா. நீங்களும் களைச்சுப் போயிருக்கீங்க."

"காலையில எனக்கும் பாதி மறந்துடும், உங்களுக்கு வேற வேலை வந்துடும். எழுதுங்க. தெற்கு வீதியில அந்தக் குழாய்ப் பள்ளம், தோண்டி மறுபடி இறுக்கணும், தகடு போட்டு ஒப்பேத்தினதோட சரின்னு விட்டுடக் கூடாது. மேல வீதி முக்குல ரெண்டு ஸ்லாபு வெடிச்சிருக்கு. கிரீஸு இந்தத் தடவை மட்டம், எந்தக் கடையில வாங்குனீங்கன்னு பாருங்க. வடம் பிடிக்கிற இடத்துல ஓரமா ஒரு கயிறு கட்டணும், பெரியவங்க உள்ள வராம." பொறியாளர் செல்பேசியின் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதினார். பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "அப்புறம் பசங்களுக்குச் சாப்பாடு மூணு மணிக்குத்தான் வந்துச்சு. அதையும் எழுதுங்க. முதல்ல எழுதுங்க."