விறகு அடுப்புக்கு ஒரு கேஸ்கட்

குக்கர் கேஸ்கட் போனா விசில் வராது, சோறு வேக லேட்டாகும், அவ்வளவுதான். வீட்டைச் சூடாக்குற விறகு அடுப்புல கேஸ்கட் போனா சமாச்சாரமே வேற மக்களே!

நாங்க இருக்கிறது ஒட்டாவாவுக்கு வெளியே, கிராமத்துப் பக்கம். 1998 ஜனவரியில பனிமழை பெய்து கிழக்கு ஒன்டாரியோ, கியூபெக் பக்கமெல்லாம் மின்கம்பம் சாய்ஞ்சு, பல ஊர்ல வாரக்கணக்கா கரண்ட் இல்லை. அதை அனுபவிச்சவங்க பலர் இன்னிக்கும் விறகு அடுப்பை விடறதில்லை. எங்களுக்கு இந்த வீட்டை வித்தவரும் அந்த ரகம்தான்.

போன பிப்ரவரியில அடுப்பு அடங்க மறுத்துச்சு. காத்துத் துவாரத்தை முழுசா மூடினாலும் தீ திகுதிகுன்னு எரியுது. ராத்திரி போட்ட கட்டை விடியற வரைக்கும் கனலா இருக்கணும். ஒரு மணிக்கே சாம்பல். "விறகைத் திங்குது உங்க அடுப்பு"ன்னாங்க தங்கமணி.

ஊர்ல அம்மா தீயைக் குறைக்கணும்னா விறகை வெளிய இழுப்பாங்க. இங்கே தீ இரும்புப் பெட்டிக்குள்ள. காத்தைக் குறைச்சாத்தான் தீ குறையும். கதவிடுக்கு வழியா காத்து போச்சுன்னா கடிவாளம் நம்ம கையில இல்லை. புகைபோக்கியில படிஞ்ச கரி பத்திக்கிட்டா காத்தை அடைக்கவும் வழியில்லை. தீ தணியற நேரத்துல புகைபோக்கி இழுக்கறது குறைஞ்சா, கார்பன் மோனாக்சைடு அறைக்குள்ள கசியலாம். அதுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பக்கத்து ரூம்ல ரெண்டு வயசுப் பொண்ணு தூங்குறா.

அடுப்பு நல்லா ஆறினதும் ஒரு தாளைக் கதவிடுக்குல வச்சு மூடி இழுத்துப் பார்த்தேன். கீல் பக்கம் இறுக்கிப் பிடிச்சுது. அடிப்பக்கம் வழுக்கிக்கிட்டு வந்துடுச்சு. அங்கே கயிறு தட்டையாகி, கல்லு மாதிரி இறுகிக் கிடந்தது.

வேலை ஒண்ணும் பிரமாதமில்லை. அதே தடிமனில் ஃபைபர்கிளாஸ் கயிறு, சூடு தாங்குற பசை, எல்லாம் சேர்த்து 25 டாலர். பழசைப் பிடுங்கி, காடியைக் கம்பி பிரஷ்ஷால சுத்தமாத் தேய்ச்சு, பசை தடவிக் கயிறைப் பதிக்கணும். முக்கியமான விஷயம், கயிறை இழுத்துப் பதிக்கக் கூடாது. இழுத்தா மெலிஞ்சு, கதவை மூடும்போது பிடிப்பு இருக்காது. ரெண்டு முனையும் இடைவெளி இல்லாம முட்டணும். அப்புறம் கதவை மூடி ஒரு நாள் காய விட்டேன். வெளிய மைனஸ் 22. மூணு பேரும் ஒரே ரூம்ல, ஒரு கரண்ட் ஹீட்டரைச் சுத்தி :-)

மறுநாள் முதல்ல சின்னத் தீ. அப்புறம் கட்டை போட்டு, துவாரத்தை மூடினேன். தீ சொன்ன பேச்சைக் கேட்டு மெதுவா அடங்குச்சு. காலையில ஆறு மணிக்குக் கனல் இருந்தது. சுள்ளி வச்சதும் பத்திக்கிச்சு. அதுலயே காபிக்குத் தண்ணி வச்சாங்க தங்கமணி.

டிஸ்கி: ரொம்பப் பழைய அடுப்புன்னா கயிறுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நீங்களே சுரண்டாதீங்க, தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க. கயிறு புதுசா இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கண்டிப்பா வேணும். மாசம் ஒரு தடவை அதை அமுக்கிப் பாருங்க.