திரும்பும் வழி

பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு மங்கலாகத்தான் எரிந்தது. ஆனால் முன்னால் பார்க் விளக்குகள் இரண்டும் தாமாக மினுங்கின. அப்பாவின் பழைய அம்பாசடர் ஒரு மாதமாக இப்படித்தான். ஓரிடத்தில் பல்பை மாற்றினார்கள், இன்னோரிடத்தில் பிரேக் சுவிட்சை மாற்றினார்கள். கோளாறு அசையவில்லை. கடைசியில், திருவானைக்காவலிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் வழியில், வேப்பமரத்தடியில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனேன்.

மாஸ்டர் 1987-ல், ராஜகோபுரக் கும்பாபிஷேகம் நடந்த வருஷம், பாலக்கரையில் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் கழற்றிப் பூட்டிப் பழகிய கை. நான் சொன்னதைக் கேட்டதும் ஸ்பானரை எடுக்கவில்லை. பையனை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

“முன்னாடி எரியுது பாத்தீங்களா சார்? அது எர்த் இல்லாமத் தவிக்கிற கரண்ட்.”

டிக்கியைத் திறந்து கம்பிக் கட்டைப் பிரித்தார். பழைய பிரிட்டிஷ் முறை நிறக்கணக்கு அவருக்கு மனப்பாடம்: பேட்டரியிலிருந்து நேராக வருவது பழுப்பு, சாவி போட்டதும் உயிர் பெறுவது வெள்ளை, வால்விளக்குக்குச் சிவப்பு, பிரேக்குக்கு ஊதாக் கோடு போட்ட பச்சை, எர்த் கறுப்பு. டெஸ்ட் லாம்பின் கிளிப்பைச் சுத்தமான இரும்பில் மாட்டி, ஊசியைப் பச்சையில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. கரண்ட் விளக்குவரை குறையில்லாமல் வருகிறது. அப்படியானால் பல்பும் சுவிட்சும் குற்றவாளிகள் அல்ல.

அடுத்து மல்டிமீட்டர். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும், இன்னொன்றை விளக்கின் கூட்டிலும் வைத்தார். எர்த் நன்றாக இருந்தால் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். மீட்டர் 8 வோல்ட்டை ஒட்டி நின்றது. பேட்டரி கொடுக்கும் 12 வோல்ட்டில் பெரும்பங்கு திரும்பும் வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது.

“முக்கொம்புல காவிரிப் பக்கம் ஷட்டரை இறக்கினா தண்ணி நின்னுடுமா சார்? கொள்ளிடத்துல போயிடும். இதுவும் அப்படித்தான். பின்னாடி வழி அடைச்சதால வால்விளக்கு இழை வழியா ஏறி, சிவப்பு வயர்ல முன்னாடி ஓடி, பார்க் விளக்கு வழியா பாடிக்கு இறங்குது.”

இரண்டு ஆறுகளுக்கு நடுவே வாழும் மனிதர் சொன்ன விளக்கம் அது. எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

இரண்டு பின்விளக்குக்கும் பொதுவாக யாரோ எப்போதோ இழுத்த எர்த் வயர், டிக்கியின் மூலையில் ஒரு திருகில் முடிந்திருந்தது. மேலே பெயின்ட், அடியில் துரு. உப்புத்தாளால் இரும்பு மின்னும்வரை தேய்த்து, புது லக் போட்டு இறுக்கி, வாசலின் தடவினார். மீண்டும் மீட்டர் வைத்தார்: 0.1. பையன் பிரேக்கை மிதித்ததும் எதிர்ச் சுவர் முழுக்கச் சிவந்தது. முன்விளக்குகள் அமைதியாக இருந்தன.

அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. புது வண்டிகளுக்கு ஸ்கேனர் மாட்டினால் கோளாறு எண் திரையில் வரும். அந்த எண்ணும் எந்தப் பக்கம் தேடலாம் என்றுதான் சொல்லும். துருப்பிடித்த திருகைக் கண்டுபிடிக்க அங்கேயும் ஒருவர் மீட்டரோடு குனிந்தாக வேண்டும். வேலை கற்க வரும் பையன்கள் குறைந்துவிட்டார்கள் என்பதே மாஸ்டரின் கவலை. கூலி சொன்னால், “ஒரு திருகைத்தானே இறுக்கினீங்க?” என்று கேட்பவர்கள் இருக்கும்வரை அந்தக் கவலை தீராது. எந்தத் திருகு என்று தெரிவதற்குத்தான் கூலி.

கேட்டதைக் கொடுத்தேன். தேவையில்லாமல் வாங்கிய பல்புக்கும் சுவிட்சுக்கும் ஆன செலவைவிட அது குறைவு.